பலகைமேல் ஒரு போர்க்களம்

சரித்திரப் பாடத்தில் போர்களைப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் மூன்று செய்திகளையே நெட்டுருச் செய்கிறோம். யார் யாருடன் பொருதார், எந்த ஆண்டில் பொருதார், யார் வென்றார் என்பவை அவை. எந்த மண்ணின்மேல் நின்று பொருதார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மண் சேறாகக் கிடந்ததா, புழுதியாகக் கிடந்ததா? முன்வரிசையில் நின்றவனுக்குப் பகைவனுடைய படை கண்ணுக்குத் தெரிந்ததா, அல்லது இடையே ஒரு கரைமேடு மறைத்ததா? தேர் திரும்புவதற்கு இடம் இருந்ததா? இத்தகைய வினாக்களுக்கு விடை தேடுவதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. அக்களத்தைச் சிறிய அளவில், மேடும் பள்ளமும் மரமும் மடையும் மாறாமல், நம் கையாலேயே செய்து பார்ப்பதுதான் அது. மேல்நாட்டார் இதனை டயோரமா என்பர். நான் இப்பேச்சில் சிற்றுருக்களம் என்றே சொல்லப் போகிறேன்.

முத்துப்பேட்டையில் பள்ளி மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு நான் செய்த சிற்றுருக்களம் வெண்ணிப் போரைப் பற்றியது. கடற்கழியும் அலையாத்திக் காடும் சூழ்ந்த எங்கள் ஊருக்கும் வெண்ணிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு தண்ணீரில் இருக்கிறது. கல்லணையில் பிரியும் வெண்ணாறு நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் மூன்றாகப் பிரிகிறது. ஒன்று வெண்ணாறு என்னும் பெயரோடே மேற்செல்கிறது. மற்ற இரண்டும் பாமணியாறும் கோரையாறும் ஆகும். இவ்விரண்டும் தெற்கு நோக்கி வந்து முத்துப்பேட்டைக் கழியில் கலக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியில் மூணாறு தலைப்புக்கு மிகவும் முன்னதாகவே அமையாமல், அதற்கு அணித்தாகவே கோயில்வெண்ணி என்னும் ஊர் இருக்கிறது. கரிகாற் சோழன் சேரனையும் பாண்டியனையும் வேளிரையும் வென்ற வெண்ணி அதுவே என்பது அறிஞர் கொள்கை. ஆகவே அந்தக் களத்தின் வண்டல் பல நூற்றாண்டுகளாக எங்கள் கழியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது எனலாம். அவ்வூர் தலைமடையும் அன்று, நாங்கள் இருப்பதோ கடைமடை.

சிற்றுருக்களக் கலையில் பெயர் பெற்ற ஒருவரின் வரலாற்றை முதலில் சொல்லுகிறேன். 1815 ஜூன் 18-ஆம் நாள் நடந்த வாட்டர்லூ போரை நீங்கள் அறிவீர்கள். அப்போரைச் சிற்றுருவாகச் செய்யும் பணியை 1830-இல் வில்லியம் சைபார்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஏற்றார். அவர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு வரைபடத்தைப் பார்த்துச் செய்யவில்லை. போர்க்களத்தின் நடுவே இருந்த லா ஏ சாந்த் என்னும் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் கலந்துகொண்டு உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். நீர் எங்கே நின்றீர், பகைவர் எந்த அணியில் வந்தனர், அந்த வயலில் அப்போது என்ன பயிர் நின்றது என்று கேட்டார். பயிரைப் பற்றிக் கேட்டார் பாருங்கள், அங்கேதான் அவருடைய கூர்மை தெரிகிறது. ஆளுயரம் வளர்ந்த கதிர்களுக்குப் பின்னால் ஒரு படை மறைந்து நிற்க முடியும். போருக்கு முந்தைய இரவு பெய்த பெருமழையால் மண் நெகிழ்ந்திருந்தது. பீரங்கிகளை இழுக்கத் தரை காயட்டும் என்று நெப்போலியன் காத்திருந்த நாழிகைகள் அவனுக்கு எவ்வளவு விலையாயின என்பதைச் சரித்திரம் படித்தவர் அறிவர்.

1838-இல் லண்டனில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அந்தச் சிற்றுருவில் ஏறத்தாழ 75,000 உலோக உருவங்கள் இருந்தன. இன்று அது லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் சைபார்னுக்கு அது நிம்மதியைத் தரவில்லை. அரசாங்கத்தின் பணம் இடையிலேயே நின்றது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் வந்தது. பிரஷ்யப் படை எந்நேரத்தில் எவ்விடத்தில் வந்து சேர்ந்தது என்று அவர் காட்டிய காட்சி வெலிங்டன் பிரபுவின் அறிக்கையோடு பொருந்தவில்லை. வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் வழக்கு அந்தச் சின்னஞ்சிறு பொம்மைகளின்மேல் ஏறி உட்கார்ந்தது. முடிவில் அவர் பிரஷ்யர் உருவங்களை எடுத்துக் களத்தைத் திருத்தினார். விளையாட்டுப் பொருள் என்று நாம் எண்ணுவது எத்தகைய வழக்குக்கு இடமாகிறது என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

இதற்கும் முன்னரே, 1668 முதல், பிரான்சு தேசத்தில் பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சர் லூவுவா கோட்டை நகரங்களை 1:600 என்னும் அளவில் செய்விக்கத் தொடங்கினார். அவை காட்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. முற்றுகைக்குத் திட்டம் போடுவதற்காகச் செய்யப்பட்டவை. நம் நாட்டில் குருட்சேத்திரத்தில் வட்டமான ஒரு கட்டடத்தின் உட்சுவர் முழுவதும் பாரதப் போரை வரைந்து, அதன் முன்னே களத்தையும் அமைத்திருக்கிறார்கள். நடுவில் நின்று பார்ப்பவர்க்கு ஓவியம் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் புலப்படாது. அவ்வளவு தூரம் போவானேன்? நவராத்திரிக் கொலுவின் அடிவாரத்தில் கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு வயல் செய்து, கண்ணாடித் துண்டைப் பதித்துக் குளம் செய்யும் தஞ்சைப் பெண்டிர் இக்கலையின் பாதியை முன்பே அறிந்தவர்கள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எல்லாவற்றிலும் முதலாவது அளவு. மரக்கடையில் கிடைக்கும் எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்றே எங்களுக்குக் கிடைத்த பூமி. அதனை 1:1000 என்று கொண்டால் இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தைக் காட்டலாம். ஆனால் அப்போது ஒரு வீரன் ஒரு கடுகளவே இருப்பான், யானை இரண்டு கடுகளவு இருக்கும். 1:100 என்று கொண்டால் வீரன் ஒன்றரைச் சென்டிமீட்டர் உயரம் நிற்பான், முகமும் எழுதலாம். ஆனால் நிலம் ஒரு மாந்தோப்பு அளவுக்குச் சுருங்கிவிடும். சைபார்ன் இச்சிக்கலைத் தீர்க்க நிலத்துக்கு ஓர் அளவும் ஆளுக்கு அதைவிடப் பெரிய ஓர் அளவும் வைத்துக்கொண்டார். நான் அதற்கு உடன்படவில்லை. ஆள் பெரிதானால் வரப்பு சிறிதாகிவிடும், வரப்புத்தான் எங்களுக்கு வேண்டிய பொருள். ஆகவே 1:300 என்று கொண்டோம். வீரன் ஓர் அரிசியின் நீளம், அதாவது ஐந்தரை மில்லிமீட்டர். யானை ஒரு சென்டிமீட்டர். முதிர்ந்த பனை ஆறு அல்லது ஏழு சென்டிமீட்டர். நிலம் ஏறத்தாழ 730 மீட்டர் நீளமும் 365 மீட்டர் அகலமும் உடையது. போர் முழுவதையும் இதில் காட்ட முடியாது, ஒரு பகுதியைத்தான் காட்டலாம். எந்தப் பகுதி என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

மலையைச் செய்வது எளிது, சமவெளியைச் செய்வது கடினம். மலைநாட்டுக் களமாயின் வரைபடத்தில் உள்ள சமவுயரக் கோடுகளை அட்டையில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மலை தானே எழும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் இக்கோடுகள் இருபது மீட்டருக்கு ஒன்றாக வருபவை. காவிரிச் சமவெளியிலோ நிலம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிந்தால் அதிகம். ஆகையால் எங்கள் பலகைக்குள் ஒரு கோடுகூட விழவில்லை. பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வரவேண்டிய சரிவு இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அரை மீட்டர் வரப்பு ஒன்றரை மில்லிமீட்டர். இவற்றை எப்படி அறிவது, எப்படிக் காட்டுவது?

அறிவதற்குக் கொத்தனாரின் கருவியே போதும். கண்ணாடி போன்ற நீண்ட ரப்பர்க் குழாயில் தண்ணீரை நிரப்பி இரு முனைகளையும் இரு கோல்களோடு சேர்த்துப் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். மாணவர்கள் கோயில்வெண்ணிப் பக்கத்து வரப்புகளில் இரண்டு நாள் இப்படி நடந்தார்கள். ஆனால் குழாயைவிட விரைவாக விடை சொன்னவர்கள் அவ்வயல்களின் உழவர்கள். எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்கு நீர் பாயும், எது எக்காலும் ஏறாது என்பதை அவர்கள் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். மடைகளின் வரிசையைக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் அதுவே மேடுபள்ளப் படம் ஆகிவிடுகிறது.

அப்போது மாணவர்களுக்கு ஒன்று வியப்பாக இருந்தது. ஆறு என்றால் பள்ளத்தில் ஓடுவது என்று நாம் எண்ணியிருக்கிறோம். ஆற்றுமுகச் சமவெளியில் அப்படியன்று. வெள்ளம் கரையை மீறும்போதெல்லாம் பருத்த மணலையும் வண்டலையும் கரையோரத்திலேயே போட்டுவிட்டு, மெல்லிய களியை மட்டும் தூரத்துக்குக் கொண்டு செல்லுகிறது. இவ்வாறு பல்லாண்டுகளில் கரையோரம் உயர்ந்துகொண்டே போகிறது. ஆறு தன் முதுகின்மேல் தானே ஓடுவதுபோல் ஆகிறது. வயல்கள் ஆற்றை விட்டு விலகிச் செல்லச் செல்லத் தாழ்கின்றன. கால்வாயை வெட்டிவிட்டால் நீர் தானே பாய்வதற்குக் காரணம் இதுவே. படைத்தலைவன் ஒருவனுக்கு இதன் பொருள் என்ன? காய்ந்த, உறுதியான, உயர்ந்த வழி ஆற்றங்கரை ஒன்றே. வயலில் இறங்கினால் தேர்ச்சக்கரம் அழுந்தும். படைகள் கரைகளைப் பற்றியே வந்திருக்க வேண்டும், இரண்டு கரைகள் கூடும் குறுகிய இடத்தில் நெருங்கிப் பொருதிருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். அகநானூற்றில் பரணர் இக்களத்தை வெண்ணிவாயில் என்னும் பெயரால் குறிக்கிறார். வாயில் என்பது அத்தகைய ஓர் இடுக்கு வழியாக இருக்கலாம். இது என் ஊகமே. எங்கள் பலகையில் அமைத்த பகுதி அதுதான்.

பலகை கடற்காற்றில் வளையாமல் இருக்க அடியில் குறுக்குச் சட்டங்கள் அடித்து, இரு புறமும் வண்ணம் பூசினோம். ஒரு புறம் மட்டும் பூசினால் மறுபுறம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வில்போல வளையும். அதன்மேல் நான்கு சென்டிமீட்டர் தெர்மோகோல் ஒட்டி, ஆற்றையும் வாய்க்காலையும் கத்தியால் அகழ்ந்தோம். பிறகு மண். வண்டல் மண்ணை மட்டும் பூசினால் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். சலித்த வண்டல் இரண்டு பங்கு, மரத்தூள் ஒரு பங்கு, இவற்றைப் புளியங்கொட்டைப் பசையில் பிசைந்து மெல்லிய பூச்சாகப் பூசி, நிழலில் உலர்த்தி, அதன்மேல் மறு பூச்சுப் பூச வேண்டும். பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது. ஆனால் அது நஞ்சு, பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து கலக்கட்டும். புளியங்கொட்டை அரைக்கப் பொறுமை இல்லாதவர் கடையில் விற்கும் பெவிகாலை நீரில் கரைத்துக்கொள்ளலாம். மணலைக் கடற்கரையில் அள்ளுவது மட்டும் கூடாது. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, சில வாரங்களில் வயலெல்லாம் வெள்ளை பூத்துவிடும். முத்துப்பேட்டைக்காரர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தரையின் நிறம் வேண்டும் என்று வண்ணப் புட்டிகளைத் தேட வேண்டாம். அந்த ஊர் மண்ணையே ஒரு படி கொண்டுவந்து, துணியில் சலித்து, ஈரப் பசையின்மேல் தூவினால் போதும். அதைவிட உண்மையான நிறம் எந்தக் கடையிலும் இல்லை. ஆற்று நீருக்கு, அடித்தளத்தைப் பழுப்பாகவும் நடுவில் சற்றுக் கருமையாகவும் எழுதி, தெளிவான வார்னிஷை ஒரு பூச்சு உலர்ந்தபின் மற்றொன்றாக ஆறேழு முறை பூசினோம். நீல நிறம் தொடவேயில்லை. பாடப் புத்தகப் படத்தில் அன்றி வெண்ணாறு எக்காலத்தும் நீலமாக ஓடியதில்லை.

மரங்களுக்கு நெட்டியைப் போல் உதவும் பொருள் வேறில்லை. குளங்களிலும் சதுப்பிலும் வளரும் இச்செடியின் வெண்ணிறத் தண்டைக் கொண்டு தஞ்சைக் கைவினைஞர் பெரிய கோயிலையே செய்து விற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெட்டியை மெல்லியதாகச் சீவினால் பனையோலையும் வாழையிலையும் செய்யலாம். தழைத்த மரங்களுக்கு முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்தோம். கரும்புக்கும் நாணலுக்கும் சாக்குச் சணல்.

எதை நடுவது என்பதைவிட எதை நடக்கூடாது என்பதில்தான் வாதம் மிகுந்தது. கரிகாலன் காலத்தைக் கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட முதல் இரு நூற்றாண்டுகளில் வைப்பவர் பலர். மிளகாய், நிலக்கடலை, கொய்யா, முந்திரி எல்லாம் போர்த்துக்கீசியர் வந்தபின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. சீமைக் கருவேலும் வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரையும் இன்னும் பிற்பட்டவை. இவற்றையெல்லாம் களைந்தோம். கோயில்வெண்ணியின் சிவன் கோயிலை வைக்க வேண்டும் என்று ஒரு மாணவன் மிகவும் விரும்பினான். சம்பந்தரும் அப்பரும் பாடிய பழம்பதிதான் அது. ஆயினும் அவர்கள் ஏழாம் நூற்றாண்டினர், கரிகாலனோ அவர்களுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவன். கற்கோயில் வைக்க இடமில்லை என்று முடிவாயிற்று. பனை, தென்னை, மருது, வேம்பு, ஆத்தி, வாழை, கரும்பு, நாணல் ஆகியவை நின்றன. வேம்பும் பனையும் ஆத்தியும் இருமடங்கு பொருத்தமானவை, பாண்டியன் சேரன் சோழன் மூவருக்கும் அவை மாலை தருபவை அல்லவா?

பருவம் எது? பாட்டில் மாதம் சொல்லவில்லை. வயலில் நீர் நின்றால் யானையும் தேரும் இறங்க முடியாது. மேட்டூர் அணை 1934-இல் வந்ததற்குப் பிறகு நீர்வரத்தை நாம் ஒருவாறு கட்டுக்குள் வைத்திருக்கிறோம். அந்நாளில் வெள்ளம் வந்தபோது வந்ததுதான். தென்மேற்குப் பருவ மழையின் வெள்ளம் வடிந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் ஓய்ந்து, அறுவடையும் முடிந்து, தாள் மட்டும் நிற்கும் மாசி அல்லது பங்குனி என்று கொண்டோம். மாமூலனார் இக்களத்துக்குப் பறந்தலை என்னும் சொல்லை ஆளுகிறார். அதற்குப் பாழிடம் என்றும் போர்க்களம் என்றும் பொருள் உண்டு. அறுத்துவிட்ட வயலும் பாழிடம்போல்தானே கிடக்கிறது! வாய்க்காலில் மட்டும் சிறிது நீரும் சேறும் விட்டோம்.

ஒன்றரை மில்லிமீட்டர் வரப்பைக் கண்ணுக்குக் காட்டும் வழியை இன்னும் சொல்லவில்லை. உயரத்தை மட்டும் இரண்டு மூன்று மடங்காக்குவது பலர் கையாளும் முறை. அப்படிச் செய்தால் ஆற்றங்கரை, வீரனுக்கு முன் கோட்டைச் சுவராக எழுந்துவிடும். நாங்கள் உயரத்தைத் தொடாமல் விளக்கை இறக்கினோம். தலைக்கு மேல் தொங்கிய விளக்கை அணைத்து, பலகையின் கிழக்கு ஓரத்தில், தரையோடு தரையாகச் சாய்ந்து விழும்படி ஒரு சிறு விளக்கு வைத்தோம். உடனே ஒவ்வொரு வரப்பும் நிழலை நீட்டியது, அறுவடைத் தாளின் வரிசைகூடத் தெரிந்தது. விடியற்காலையில் வயல் வழியே நடந்தவர்க்கு இது புதிதன்று.

வீரர்களைத் தென்னை ஈர்க்கைத் துண்டித்துச் செய்தோம். அரிசியே போதுமான அளவுதான், ஆனால் வண்டு விழும். வேலுக்குத் தேங்காய் நார். தொள்ளாயிரத்துச் சொச்சம் ஈர்க்குகளை நட்டோம். படைகளின் எண்ணிக்கை பாடல்களில் இல்லை. இரு பெருவேந்தரும் களத்தில் பட்டனர் என்று பொருநராற்றுப்படை கூறுகிறது. பதினொரு வேளிரும் உடன் தோற்றனர் என்கிறார் பரணர். இவை ஒரு போரா, இரு போரா என்பதிலும் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு.

மாணவர்கள் எல்லோரும் கரிகாலனின் யானையைச் சுற்றியே நின்றார்கள். புலிக்கொடியைப் பெரிதாக்க வேண்டும் என்றார்கள். சோழநாட்டுப் பிள்ளைகளுக்கு அது இயல்பு. அப்போது புறநானூற்றின் 65, 66-ஆம் பாடல்களை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். முதற்பாட்டு கழாத்தலையார் பாடியது. மார்பில் பாய்ந்த படை முதுகையும் ஊடுருவியதால், புறப்புண் பட்டதாக நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன், வாளோடு வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்ததை அது கூறும். அடுத்த பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார், அவ்வூர்க் குயவர் குலத்துப் பெண். தம் நாட்டு அரசனை, வென்று நிற்கும் கரிகாலனையே, நேர்நின்று விளித்து, வடக்கிருந்த அவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று கேட்கிறார். வெற்றி பெற்ற மன்னனின் முகத்துக்கு எதிரே அவன் குடியாகிய ஒரு பெண் கேட்ட கேள்வி அது.

இப்பாட்டுக்குப் பின் பலகையில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஊர் ஓரத்தில் ஒரு குயவர் சூளையை வைத்து, பஞ்சினால் சிறிது புகை எழுப்பினோம். போர் நடந்த அன்று யாரும் சூளை வைத்திருக்க மாட்டார் என்று ஒரு மாணவி மறுத்தாள். அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. புகையை எடுத்துவிட்டுச் சூளையை மட்டும் விட்டோம். அடுத்தது சேரலாதன். அவனைப் படைகளின் நடுவே வைக்க இயலாது. வடக்கிருந்தது போர் ஓய்ந்தபின், போரும் அதன் பின்விளைவும் ஒரே பலகையில் ஒரே பொழுதாக வர முடியாது. மூன்று நாள் இதனை ஆராய்ந்தோம். முடிவில் பலகையின் வடமேற்கு மூலையில் ஒரு சாண் நிலத்தை ஒரு மெல்லிய வாய்க்காலால் பிரித்து, அங்கே விளக்கின் ஒளி சரியாக எட்டாத இடத்தில், ஓர் ஈர்க்கை மடித்து உட்கார வைத்தோம். மக்கள் நின்று பார்க்கும் பக்கம் தெற்கு. ஆகையால் அவன் முதுகே அவர்களுக்குத் தெரியும். அரைச் சென்டிமீட்டர்கூட இல்லாத உருவத்தில் புண் எங்கே தெரியும் என்றான் ஒருவன். தெரியாதுதான். குங்குமத்தை ஊசி முனையில் தொட்டு ஒரு புள்ளி வைத்தான் அவனே.

பலகையின் முன்புறத்தில் ஓர் அட்டை எழுதி ஒட்டினோம். பாட்டில் உள்ள செய்திகளைக் கறுப்பு மையிலும், நிலத்தை அளந்து அறிந்தவற்றை நீல மையிலும், நாங்கள் ஊகித்தவற்றைச் சிவப்பு மையிலும் எழுதினோம். பருவம், வாயிலின் இடம், வரிசைகளின் அமைப்பு, சூளை, இவை யாவும் சிவப்பு. கறுப்பில் எட்டு வரி வந்தன, நீலத்தில் பதினொன்று, சிவப்பில் இருபத்திரண்டு.